கருவி காட்டிய நேரமும் அறிக்கையில் ஏறும் வாக்கியமும்

“பயனர் இந்தக் கோப்பை மார்ச் 14 அன்று காலை 10:42:07 மணிக்கு உருவாக்கினார்.” சைபர் பாதுகாப்பும் டிஜிட்டல் தடயவியலும் சேர்ந்த முதுநிலைப் படிப்பில், முதல் செமஸ்டர் லேப் அறிக்கைகளைப் புரட்டினால் இப்படி ஒரு வாக்கியம் எப்படியும் கண்ணில் படும். நேரம் நொடி வரை துல்லியமாக இருக்கும். பக்கத்திலேயே ஆட்டோப்ஸி என்ற தடயவியல் மென்பொருளின் ஸ்கிரீன்ஷாட் ஒட்டப்பட்டிருக்கும். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் வட்டில் உண்மையில் இருந்தது ஒரு 64 பிட் எண் மட்டுமே. அந்த எண்ணிலிருந்து ‘பயனர்’, ‘உருவாக்கினார்’, ‘10:42:07’ என்று மூன்று தாவல்கள் தாவியாகிவிட்டது. எந்தத் தாவலுக்கும் அறிக்கையில் கணக்கு இல்லை.

இந்தப் படிப்பைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது என்னென்ன டூல் சொல்லித்தருவார்கள் என்பதைத்தான். பாடத்திட்டங்களும் அதற்குத் தோதாக என்கேஸ், எஃப்டிகே, எக்ஸ்-வேஸ், வொலட்டிலிட்டி, வயர்ஷார்க், கீட்ரா என்று வரிசை கட்டுகின்றன. டூல் தெரியாமல் வேலை நடக்காது, சரி. ஆனால் மெனுக்களைப் பழகுவதற்கு ஒரு முதுநிலைப் பட்டம் எதற்கு? கையேடும் சில வாரங்களும் போதுமே. டூல் காட்டியதற்கும் அறிக்கையில் எழுதக்கூடியதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளக்கக் கற்பதற்குத்தான் இந்த ஒன்றிரண்டு வருடங்கள் என்பது என் கட்சி. அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு மேலே உள்ள அந்த ஒரே வாக்கியம் போதும்.

உருவான நேரம் எப்படி உருவாகிறது

விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் எம்எஃப்டி என்ற மூல அட்டவணையில் ஒரு பதிவு உண்டு; வழக்கமாக 1,024 பைட். அதற்குள் ‘ஸ்டாண்டர்ட் இன்ஃபர்மேஷன்’ என்ற பகுதியில் நான்கு நேரமுத்திரைகள் இருக்கும்: கோப்பு உருவானது, உள்ளடக்கம் மாறியது, கடைசியாக அணுகப்பட்டது, எம்எஃப்டி பதிவே மாறியது. ‘ஃபைல் நேம்’ என்ற இன்னொரு பகுதியில் அதே நான்கும் மறுபடி இருக்கும். ஆக ஒரு கோப்புக்குக் குறைந்தது எட்டு நேரங்கள். எக்ஸ்ப்ளோரரில் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்தால் முதல் பகுதியிலிருந்து மூன்று மட்டும் தெரியும். மாணவர் அறிக்கையில் ஏறுவது பெரும்பாலும் அந்த மூன்றில் ஒன்று.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில்) சின்ன டெக்ஸ்ட் கோப்பு ஒன்றை எழுதிச் சேமியுங்கள். பத்து நிமிடம் கழித்து அதை வேறு ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். புதிய பிரதியின் உருவான நேரம் காப்பி செய்த நேரமாக இருக்கும். மாறிய நேரம் பழைய கோப்பிடமிருந்து அப்படியே வந்திருக்கும். அதாவது கோப்பு ‘பிறப்பதற்கு’ முன்பே திருத்தப்பட்டிருக்கிறது! முதன்முறை இதைப் பார்க்கிறவர்கள் யாரோ நேரத்தைத் திருத்திவிட்டார்கள் என்று எழுதிவிடுவார்கள். சாதாரணக் காப்பியின் அடையாளம் இது. ஒரு கணினியில் இப்படி ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும். அதே கோப்பைக் காப்பி செய்யாமல் அதே டிரைவுக்குள் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் உருவான நேரம் மாறாது, எம்எஃப்டி பதிவு மாறிய நேரம் மட்டும் புதுப்பிக்கப்படும். எக்ஸ்ப்ளோரரில் கட்-பேஸ்ட் செய்து வேறு டிரைவுக்குக் கொண்டுபோனாலும் பழைய உருவான நேரம் கூடவே வந்துவிடும். அந்த டிரைவில் அந்தக் கோப்பு அதற்கு முன் இருந்ததே இல்லை என்றாலும்.

இன்னொன்று, பலருக்கு முதுநிலைப் படிப்பு முடியும்வரை தெரியாமலே போவது. ஒரு கோப்பை அழியுங்கள். 15 நொடிக்குள் அதே ஃபோல்டரில் அதே பெயரில் புதுக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். புதுக் கோப்பின் உருவான நேரமாக அழிந்துபோன கோப்பின் நேரம் நிற்கும். விண்டோஸில் இதற்கு டனலிங் என்று பெயர். தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டு, பழையதை அழித்து, பெயரை மாற்றிச் சேமிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சேமிப்பிலும் ஆவணம் புதிதாகப் பிறந்ததுபோல் காட்டக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. நல்ல நோக்கம்தான். ஆனால் விசாரணையில் இதே ஏற்பாடு ஒருவரை ஒரு வருடம் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

கடைசியாக அணுகிய நேரத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. விஸ்டா முதல் அதைப் புதுப்பிப்பது இயல்பாக நிறுத்தப்பட்டிருந்தது. விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளில் சிஸ்டமே முடிவெடுக்கிறது. புதுப்பித்தாலும் வட்டில் எழுத ஒரு மணி நேரம்வரை தாமதிக்கலாம். ஆன்டிவைரஸ் ஒரு சுற்று வந்தாலும் அந்த நேரம் மாறலாம். அதை நம்பி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

ஒரே அடையாளம், இரண்டு கதை

பாடம் உண்மையில் திரும்பும் இடம் இதுதான். நேரமுத்திரை மோசடியைக் கண்டுபிடிக்கப் பாடக்குறிப்புகளில் ஒரு சூத்திரம் இருக்கும்: ஸ்டாண்டர்ட் இன்ஃபர்மேஷன் நேரங்களைச் சாதாரண நிரல்களால் மாற்ற முடியும், ஃபைல் நேம் நேரங்களை அப்படி நேரடியாக மாற்ற முடியாது. எனவே முதலாவது இரண்டாவதைவிடப் பழையதாக இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கூடவே துணைச் சூத்திரம் ஒன்று: என்டிஎஃப்எஸ் நேரத்தை 100 நானோநொடித் துல்லியத்தில் பதிகிறது, நொடிக்குப் பிந்தைய ஏழு இலக்கங்களும் பூஜ்ஜியமாக இருந்தால் அது கருவி போட்ட நேரம்.

இரண்டு சூத்திரங்களையும் மனப்பாடம் செய்தவரிடம் இரண்டு இமேஜ் (வட்டின் பிட் பிட்டான முழுப் பிரதி) கொடுக்க வேண்டும். ஒன்றில் ஒரு கோப்பின் நேரம் வேண்டுமென்றே பின்தள்ளப்பட்டிருக்கும். இன்னொன்றில் யாரும் எதையும் திருத்தவில்லை. ஒரு ஜிப் கோப்பு விரிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஜிப்பின் அடிப்படை நேரவடிவம் 2 நொடித் துல்லியம்தான். விரிக்கும் மென்பொருள் அந்தப் பழைய நேரத்தை எடுத்து ஸ்டாண்டர்ட் இன்ஃபர்மேஷனில் போடும். ஃபைல் நேம் பகுதியில் விரித்த நேரம் நிற்கும். இரண்டு சூத்திரமும் இரண்டு இமேஜிலும் மணி அடிக்கும். ஃபேட் என்ற பழைய கோப்பு முறைமை உள்ள பென் டிரைவிலிருந்து காப்பி செய்த கோப்பின் மாறிய நேரத்திலும் இதே பூஜ்ஜியங்கள் வரும். மறுபுறம், நேரத்தைத் திருத்தியவர் பிறகு கோப்பின் பெயரையும் மாற்றியிருந்தால், திருத்திய நேரங்களே ஃபைல் நேம் பகுதிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அப்போது சூத்திரம் வாயே திறக்காது. குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்து, விவரம் தெரிந்தவரை விட்டுவிடும் சோதனை இது.

அப்படியானால் பிரிப்பது எப்படி? யுஎஸ்என் ஜர்னலைத் திறக்க வேண்டும். என்டிஎஃப்எஸ் தன் மாற்றங்களைக் காரணக் குறிகளோடு அதில் எழுதிவைக்கிறது. ஜிப் விரிக்கும்போது கோப்பு உருவாக்கம், தரவு சேர்ப்பு, அடிப்படைத் தகவல் மாற்றம், மூடல் என்று எல்லாம் சில நொடிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக விழும்; சுற்றியுள்ள பத்து இருபது கோப்புகளுக்கும் அதே தடம் இருக்கும். திருத்தப்பட்ட கோப்பில் உருவாக்கம் எப்போதோ நடந்திருக்க, அடிப்படைத் தகவல் மாற்றம் மட்டும் தனியாக, வேறொரு நாளில், அக்கம்பக்கத்துக் கோப்புகள் எதையும் தொடாமல் வந்து நிற்கும். இது வலுவான அடையாளம். ஆனாலும் முடிந்த முடிவு இல்லை, ஏனென்றால் சில சிங்க் மென்பொருள்களும் பேக்கப் மென்பொருள்களும் இதையே செய்கின்றன. அவை அந்தக் கணினியில் இருந்தனவா, அந்த நேரத்தில் ஓடினவா என்று பார்த்தாக வேண்டும். ஜர்னலுக்கு அளவு வரம்பு உண்டு. நிறைந்ததும் பழையது போய்விடும். பல மாதம் முந்தைய நிகழ்வென்றால் அந்தப் பதிவு பெரும்பாலும் இருக்காது. அந்த நிலையில் எழுத வேண்டிய வரி: “நேரமுத்திரைகளின் முரண் வேண்டுமென்றே செய்த திருத்தத்துக்கும் கோப்பு விரிப்புக்கும் சமமாகப் பொருந்துகிறது; இரண்டையும் பிரிக்கும் பதிவு கிடைக்கவில்லை.” இந்த வரிக்கு முழு மதிப்பெண் கொடுக்கும் துறையில் சேருங்கள். ‘முடிவு தெளிவாக இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண் குறைக்கும் இடங்களும் இருக்கின்றன.

எந்தக் கடிகாரம்

என்டிஎஃப்எஸ் 1601 ஜனவரி 1 முதல் எண்ணுகிறது. யுனிக்ஸ் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளில். குரோம் உலாவி தன் வரலாற்றை 1601 முதல் மைக்ரோநொடிகளில் வைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 1970 முதல் மைக்ரோநொடிகளில். ஆப்பிளின் பல தரவுத்தளங்கள் 2001 ஜனவரி 1இல் தொடங்குகின்றன. ஆப்பிள் எண்ணை யுனிக்ஸ் எண்ணாகப் படித்தால் விடை 31 வருடம் பின்னால் போகும். அதில் ஆபத்து குறைவு, பார்த்த உடனே தெரிந்துவிடும். சில மணி நேரம் மட்டும் தள்ளிப்போகும் பிழைதான் கொல்லும். என்டிஎஃப்எஸ் நேரத்தை யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, ஃபேட் கோப்பு முறைமை உள்ளூர் நேரத்தை எந்த மண்டலம் என்ற குறிப்பே இல்லாமல் வைக்கிறது. கணினியின் வட்டும் அதில் செருகிய பென் டிரைவும் ஒரே காலவரிசையில் சேர்க்கப்படும்போது, கோப்பு முதலில் எங்கே இருந்தது என்பதே தலைகீழாகிவிடலாம்.

ஆகவே வேலையின் முதல் படிகளில் சிலவற்றை ஒருபோதும் தாண்டக் கூடாது. இமேஜ் எடுக்கும்போது கணினியின் சொந்தக் கடிகாரத்தை நம்பகமான நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியின் சிஸ்டம் பகுதியிலிருந்து நேர மண்டல அமைப்பை எடுங்கள். கடிகாரம் மாற்றப்பட்டதா என்று விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 4616 என்ற நிகழ்வு எண்ணைத் தேடுங்கள். ஆட்டோப்ஸி தரவு சேர்க்கும்போது கேட்கும் நேர மண்டலக் கேள்விக்கு ‘நெக்ஸ்ட்’ அழுத்திக் கடந்துபோகாதீர்கள். காலவரிசை முழுவதையும் யு.டி.சி.யில் கட்டுங்கள், உள்ளூர் நேரம் அறிக்கையில் மட்டும், அதுவும் பக்கத்தில் குறிப்போடு.

இருந்ததும் ஓடியதும், கணக்கும் ஆளும்

ஒரு நிரல் ஓடியதா என்ற கேள்வியில் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவது ஷிம்கேஷில், அதாவது நிரல்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியலில். அதில் பாதையும் ஒரு நேரமும் இருக்கும். அந்த நேரம் நிரல் ஓடிய நேரம் இல்லை, கோப்பு மாறிய நேரம். பட்டியலில் இருப்பதாலேயே அது ஓடியது என்றும் சொல்ல முடியாது. தவிர, கணினியை அணைக்கும்போதோ மறுதொடக்கம் செய்யும்போதோதான் அது ரெஜிஸ்ட்ரிக்கு இறங்குகிறது. ஓடிக்கொண்டிருந்த கணினியின் மின்சாரத்தைப் பிடுங்கி எடுத்த வட்டில், கடைசியாகத் தொடங்கிய பிறகு சேர்ந்த பதிவுகள் காணாமல் போயிருக்கும். நிரல்களை வேகமாகத் தொடங்க விண்டோஸ் எழுதிவைக்கும் ப்ரீஃபெட்ச் கோப்பு இதைவிட நம்பகமானது. விண்டோஸ் 8 முதல் கடைசி 8 ஓட்டங்களின் நேரத்தை வைத்திருக்கிறது. ஆனால் விண்டோஸ் சர்வர்களில் அது இயல்பாக இயங்காது. அங்கே ப்ரீஃபெட்ச் கோப்பு இல்லை என்பதற்கு ஓடவில்லை என்று பொருள் இல்லை.

‘பயனர்’ என்ற சொல்லுக்கு வருவோம். பதிவுகளில் இருப்பது ஒரு கணக்கு. நிகழ்வு 4624 உள்நுழைவைச் சொல்லும். அதிலுள்ள வகை எண் 2 என்றால் கணினி முன்னால் உட்கார்ந்து நுழைந்தது, 3 என்றால் நெட்வொர்க் வழியாக, 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப். விசைப்பலகையில் யார் கை இருந்தது என்று எந்த எண்ணும் சொல்லாது. 2003இல் லண்டனில் ஒரு வழக்கு: ஹூஸ்டன் துறைமுகத்தின் கணினிகளைத் தாக்கியதாக ஓர் இளைஞர் மீது குற்றச்சாட்டு. தாக்குதல் அவர் கணினியிலிருந்துதான் போனது என்பதில் தகராறு இல்லை. ட்ரோஜன் (மறைந்து நுழையும் தீய நிரல்) ஒன்று தன் கணினியைப் பயன்படுத்திவிட்டுத் தன்னைத்தானே அழித்துக்கொண்டது என்றார் அவர். ட்ரோஜனின் தடயமே இல்லை என்றது அரசுத் தரப்பு. ஜூரி அவரை விடுவித்தது. அவர் சொன்னது உண்மையா என்பது வேறு விஷயம். கணினியிலிருந்து ஆளுக்குப் போகும் பாலத்தைத் தனியாகக் கட்டியாக வேண்டும் என்பதைச் சட்டப் பாடத்தின் ஒரு முழு செமஸ்டரைவிட இந்த வழக்கு நன்றாகச் சொல்லித்தருகிறது.

டூலே பொய் சொன்ன வழக்கும் உண்டு. 2011இல் புளோரிடாவில் நடந்த ஒரு கொலை வழக்கில், குளோரோஃபார்ம் பற்றிய ஓர் இணையப் பக்கம் 84 முறை பார்க்கப்பட்டதாகச் சாட்சியம் சொல்லப்பட்டது. பிறகு அந்த மென்பொருளை எழுதியவரே தரவை மறுபடி அலசி, அது ஒரே ஒரு முறைதான் பார்க்கப்பட்டது என்று கண்டார். பழைய ஃபயர்ஃபாக்ஸ் தன் வரலாற்றை வைத்திருந்த மோர்க் என்ற வடிவத்தை அந்த மென்பொருள் தப்பாகப் பிரித்திருந்தது. முக்கியமான எந்த முடிவையும் வேறு குழு எழுதிய இரண்டாவது டூலில் ஒரு முறை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் கையால் ஒரு முறை சரிபார்க்கச் சொல்வது இதனால்தான். எல்லாவற்றையும் அப்படிச் செய்ய முடியாது. வாதம் தொங்கிக்கொண்டிருக்கும் மூன்று நான்கு பதிவுகளுக்காவது செய்யலாம்.

ஹாஷ், அதாவது தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற எண், பற்றியும் ஒரு வார்த்தை. ஹாஷ் முறைகளில் எம்டி5 2004இலும் ஷா-1 2017இலும் மோதல் உதாரணங்களோடு (வெவ்வேறு தரவுக்கு ஒரே ஹாஷ்) உடைக்கப்பட்டுவிட்டன. ஷா-256 பயன்படுத்துங்கள், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஹாஷ் பொருந்துவதால் தெரிவது இமேஜ் எடுத்தபின் மாறவில்லை என்பது மட்டும். எஸ்எஸ்டியில், எழுதுவதைத் தடுக்கும் ரைட் பிளாக்கர் போட்டிருந்தாலும், மின்சாரம் கிடைத்த உடனே அதன் கன்ட்ரோலர் ட்ரிம் செய்யப்பட்ட (இனி தேவையில்லை என்று குறிக்கப்பட்ட) பகுதிகளை உள்ளுக்குள் துடைக்கத் தொடங்கலாம். இரண்டு முறை இமேஜ் எடுத்து இரண்டு ஹாஷ் வந்தால் பதறாமல் காரணத்தை எழுதுங்கள்.

இரண்டு துறைகளை ஒரே பட்டத்தில் கட்டியிருப்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பாதுகாப்புப் பக்கம் சம்பவம் நடந்துகொண்டிருக்கும்போது அறுபது சதவீத நிச்சயம் கிடைத்தாலே கணினியைத் தனிமைப்படுத்தச் சொல்கிறது. அது சரியான முடிவு, தாமதித்தால் நாசம் பரவும். தடயவியல் பக்கம் அதே ஆதாரத்தை வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முன்னால் நிற்கச் சொல்கிறது. ஒரே பழக்கத்தை இரண்டு வகுப்புக்கும் கொண்டுபோகிறவர் ஏதாவது ஒன்றில் அடிபடுவார். மின்சாரத்தைப் பிடுங்குவதா வேண்டாமா என்ற பழைய கேள்வியில் இது பளிச்சென்று தெரியும். 2002இல் வந்த, ஆதாரம் சேகரிப்பதற்கான வழிகாட்டி ஆவணமான ஆர்எஃப்சி 3227 சீக்கிரம் மறைவதை முதலில் எடு என்கிறது: ரிஜிஸ்டர், கேஷ், பிறகு நினைவகம், பிறகுதான் வட்டு. வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் போட்ட கணினியை அணைத்தால் சாவியும் நினைவகத்தோடு போய்விடும். நினைவகத்தை ஓடும்போதே எடுத்தால், எடுக்கும் நிரலே அதன் ஒரு பகுதியை மேலெழுதும். 16 ஜிபியின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் வெவ்வேறு கணங்களைக் காட்டும். எதைச் செய்தாலும் ஒரு இழப்பு உண்டு. எதை இழக்கத் துணிந்தீர்கள், ஏன் என்பதை அந்த நிமிடத்திலேயே குறித்துவைப்பதுதான் இரு பக்கத்துக்கும் பொதுவான ஒழுக்கம்.

ஆய்வேட்டுக்கு ஒரு சின்னக் கேள்வி

ஆய்வேட்டுக் காலம் வந்தால் பாதிப் பேர் மெஷின் லேர்னிங் வைத்து ஊடுருவல் கண்டறிதல் என்று கிளம்புகிறார்கள். கையில் எடுப்பது கேடிடி 99 தரவுத்தொகுப்பு. அதன் மூலத்தரவு 1998இல் செயற்கையாக உண்டாக்கிய போக்குவரத்து. அதன் பயிற்சிப் பதிவுகளில் சுமார் 78 சதவீதமும் சோதனைப் பதிவுகளில் சுமார் 75 சதவீதமும் இரட்டிப்புகள் என்று 2009லேயே காட்டியாயிற்று. அதில் 99 சதவீதத் துல்லியம் வாங்குவது ஒரு சாதனை இல்லை.

கையில் இருக்கும் சில மாதங்களுக்கு ஏற்றது ஒரே செயலி, ஒரே செயல், அது விட்டுப்போகும் தடயம். ‘இந்த மெசேஜிங் செயலியின் டெஸ்க்டாப் பதிப்பில் ஒரு செய்தியை எல்லோருக்கும் அழித்தால் வட்டில் என்ன மிஞ்சுகிறது’ என்ற அளவுக் கேள்வி போதும். சுத்தமான விர்ச்சுவல் மெஷின் ஒன்றைத் தயார் செய்து, தானியங்கி அப்டேட்டுகளை நிறுத்தி, ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பிவர அந்த நிலையின் பதிவு) எடுங்கள். ஒரே ஒரு செயலைச் செய்து, செய்த நொடியைக் குறித்து, ஒழுங்காக அணைத்து, இமேஜ் எடுத்து, முந்தையதோடு ஒப்பிடுங்கள். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிப் போய் அதையே குறைந்தது மூன்று முறை செய்யுங்கள். செயலி எஸ்க்யூலைட் தரவுத்தளம் வைத்திருந்தால் முதன்மைக் கோப்போடு கூடவே இருக்கும் WAL கோப்பையும் (மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் கோப்பு) எடுங்கள். அழித்த செய்தியின் பழைய பக்கம் அங்கே தங்கியிருக்கலாம். தரவுத்தளத்தைச் சாதாரணமாகத் திறந்து மூடினால் அந்தக் கோப்பு முதன்மைக்குள் கலந்து மறைந்துவிடலாம், ஆகவே பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

பலர் விட்டுவிடும் படி ஒன்று இருக்கிறது: எதையும் செய்யாத ஓட்டம். மெஷினைத் தொடங்கி, அதே நேரம் காத்திருந்து, அணைத்து, இமேஜ் எடுத்து ஒப்பிடுங்கள். விண்டோஸ் சும்மா இருக்கும்போதே நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றும். நீங்கள் கண்டெடுத்த தடயம் அந்தப் பட்டியலிலும் இருந்தால் அது உங்கள் செயலின் தடயம் இல்லை, அந்த அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டியதுதான். எனவே இதை முதல் வாரத்திலேயே ஓட்டுங்கள். விண்டோஸின் பில்ட் எண், செயலியின் முழுப் பதிப்பு எண், ஒவ்வொரு இமேஜின் ஷா-256 மூன்றையும் பின்னிணைப்பில் போடுங்கள். அடுத்த அப்டேட்டில் செயலி தன் தரவு வடிவத்தை மாற்றிவிடும். அப்போது உங்கள் முடிவு எந்தப் பதிப்புவரை செல்லும் என்று வைவாவில் கேட்டால், பின்னிணைப்பைத் திறந்து காட்டலாம்.